முழு முறுக்கில் முள்ளிக்குளம் வரை

எங்கள் ராத்தா ஓர் ஆசிரியை. முள்ளிக்குளம் பக்கத்தில் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். எங்கள் வீட்டுப் படலையிலிருந்து அந்தப் பள்ளிக்கூடப் படலை வரை வண்டியின் மீற்றர் காட்டுவது 42 கிலோமீற்றர். போக 42, வர 42. இந்தத் தூரத்தை அவர் 109 சி.சி. ஸ்கூட்டி ஒன்றில் கடக்கிறார். காலை ஏழரைக்கு வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழும். கோட்டுக்கு மேலே கையெழுத்து விழவேண்டுமென்றால் சிலாவத்துறையைத் தாண்டியதும் கைப்பிடியை முழுதாக முறுக்கவேண்டும். முறுக்கிய கை பள்ளிக்கூடம் தெரியும் வரை தளராது.

"மகள், முறுக்காதீங்க, எஞ்சின் வெடிச்சிரும்" என்பது உம்மாவின் அன்றாட உபதேசம். "சின்ன எஞ்சினை அரை மணித்தியாலம் முழுசா முறுக்கினா பிஸ்டன் பிடிச்சுக்கும்" என்பது வாப்பாவின் தீர்ப்பு. "அப்ப சிவப்புக் கோட்ட யார் வாப்பா தள்ளி வைக்கிற?" என்பது ராத்தாவின் பதில். இந்த வழக்கு எங்கள் வீட்டில் பல மாதம் நடந்தது. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் ஒருத்தி வீட்டில் இருந்தும் ஒரு பதிலும் சொல்ல முடியவில்லையே என்ற வெட்கத்தில்தான் நான் இதைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். பாதியைப் புத்தகத்தில் படித்தேன். மீதியை ஒரு கராஜில், தரையில் உட்கார்ந்து படிக்கவேண்டி வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பாதையைப் பற்றிச் சொல்லவேண்டும். கண்டியிலோ பதுளையிலோ ஸ்கூட்டி ஓட்டும் தோழிகளுக்கு எங்கள் பிரச்சினை விளங்காது. அங்கே ஏற்றத்தில் முறுக்குவார்கள், இறக்கத்தில் விடுவார்கள், வளைவில் பிரேக் பிடிப்பார்கள். எஞ்சினுக்கு நூறு மீற்றருக்கு ஒருமுறை மூச்சு வரும். எங்கள் பாதையோ தட்டையானது. வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி, முள்ளிக்குளம் என்று கடலுக்குச் சமாந்தரமாகத் தெற்கே போகும். அரிப்பில் ஆளுநர் பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்க்கக் கட்டிய டொரிக் மாளிகையின் இடிபாடு கடலரிப்பில் நாளுக்கு நாள் உதிர்ந்துகொண்டிருக்கிறது. அதை நின்று பார்க்க ராத்தாவுக்கு ஒருநாளும் நேரம் கிடைத்ததில்லை. சிலாவத்துறைக்கு அப்பால் வீடுகள் குறையும், பற்றைக்காடு கூடும். முள்ளிக்குளத்துக்குத் தெற்கே வில்பத்துக் காடு. பொழுது சாய்ந்தால் யானை வரும்.

இது ஊர்கள் கலைந்து மீண்ட பாதையும்கூட. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடக்கு முஸ்லிம்களில் மறிச்சுக்கட்டி, சிலாவத்துறைப் பக்கத்து மக்களும் அடக்கம். அவர்களில் ஏராளமானோர் புத்தளத்தில் இருபது வருடம் அகதிகளாக இருந்தார்கள். முள்ளிக்குளத்துக் கத்தோலிக்க மக்கள் 2007 செப்ரெம்பரில் ஊரைவிட்டு எழும்பினார்கள், ஊர் கடற்படை வசமானது. நீண்ட போராட்டத்தின் பின் 2017 ஏப்ரலில்தான் ஒரு பகுதி நிலத்தை விடுவிக்கும் அறிவிப்பு வந்தது. அப்படிப்பட்ட பாதையில் மக்கள் குறைவு, ஆகவே பஸ்ஸும் குறைவு. ராத்தா போன்றவர்களுக்கு ஸ்கூட்டி ஆடம்பரப் பொருளல்ல.

இனி எஞ்சின்.

ஒரு 109 சி.சி. ஸ்கூட்டியின் உருளை எவ்வளவு பெரிது தெரியுமா? விட்டம் 50 மில்லிமீற்றர். முசலம், அதாவது பிஸ்டன், மேலும் கீழும் போகும் தூரம் 55.6 மில்லிமீற்றர். ஒரு சின்னத் தேநீர்க் கோப்பைக்குள் அடங்கும் இடம். முழு முறுக்கில் இந்த எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 7,500 சுற்றுச் சுற்றும். செக்கனுக்கு 125. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே. கணக்குப் போட்டுப் பாருங்கள்: சராசரி வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 14 மீற்றர். மணித்தியாலத்துக்கு 50 கிலோமீற்றர்! ஐந்தரைச் சென்ரிமீற்றர் குகைக்குள், செக்கனுக்கு 250 தடவை நின்று திரும்பி, சராசரியாக 50இல் ஓடுகிறது அந்தப் பிஸ்டன். இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு என்பதால் செக்கனுக்கு 62 முறை உள்ளே தீப்பிடிக்கிறது.

வெப்பம் எவ்வளவு? இத்தகைய எஞ்சின் அதிகபட்சம் 6 கிலோவாற்றுக்குக் கிட்ட வலுத் தரும். பெற்றோலின் சக்தியில் நாலில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், மீதி 18 கிலோவாற்று வெப்பம். வீட்டில் நாங்கள் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கேத்தல் 2 கிலோவாற்று. ஒன்பது கேத்தல்கள் ஒரேயடியாகக் கொதிப்பதுபோல! அதில் பெரும்பகுதி புகைக்குழாயால் வெளியே போய்விடும். மிச்சத்தை எஞ்சினின் உலோகமும் அதனுள்ளே ஓடும் ஒயிலும்தான் தாங்கி வெளியேற்றவேண்டும்.

இதைப் படித்தபோது உம்மா சொல்வது சரிதான் என்று எனக்குப் பட்டது. பிறகு விசிறியைப் பற்றிப் படித்தேன்.

சாதாரண மோட்டார் சைக்கிளில் எஞ்சின் திறந்தபடி இருக்கும். அதன் தகட்டுச் செட்டைகளில் ஓடும்போது படும் காற்றே குளிரவைக்கும். ஸ்கூட்டியில் எஞ்சின் இருக்கைக்குக் கீழே மூடிக்கிடக்கிறது, வெளிக்காற்று போய்ச் சேராது. அதனால் எஞ்சினின் வலப்பக்கத்தில் ஒரு விசிறியைச் சுழல்தண்டோடேயே பொருத்தியிருக்கிறார்கள். எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு வேகமாக விசிறியும் சுற்றும். முழு முறுக்கில் வெப்பம் உச்சம், காற்றும் உச்சம். இந்தத் தீர்வைக் கண்டுபிடித்தவருக்கு நான் மனதுக்குள் ஸலாம் சொன்னேன். அந்த விசிறி மூடியின் சல்லடையில் பொலித்தீன் துண்டோ சேறோ அடைபட்டால் மட்டும் கதை மாறிவிடும். எங்கள் வண்டியில் ஒருமுறை அங்கிருந்து ஒரு சிறிய குருவிக்கூட்டுக்குப் போதுமான வைக்கோல் எடுத்தோம்.

அப்படியானால் வாப்பாவின் "பிஸ்டன் பிடிச்சுக்கும்" பயம் எங்கிருந்து வந்தது? அது பொய்ப் பயமல்ல, பழைய பயம். வாப்பா புத்தளத்தில் அகதியாக இருந்த காலத்தில் ஓட்டியது இரு அடிப்பு எஞ்சின் வண்டி, ஆட்கள் சொல்லும் டூ ஸ்ட்ரோக். அந்த எஞ்சினில் ஒயிலுக்குத் தனி அறை இல்லை. பெற்றோலோடு கலந்து வரும் ஒயில்தான் பிஸ்டனை வழுக்கவைக்கும். நீண்ட நேரம் முழு வேகத்தில் ஓடிச் சூடேறிய எஞ்சினில் திடீரென்று கையைத் தளர்த்தினால், பெற்றோல் நின்றுவிடும். அதோடு ஒயிலும் நின்றுவிடும். ஆனால் சக்கரம் இழுத்துக்கொண்டு போவதால் பிஸ்டன் நிற்காது. உலர்ந்த சூட்டில் ஓடிய பிஸ்டன் உருளைச் சுவரைக் கவ்விக்கொள்ளும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். வாப்பாவின் முழங்கை வடு அப்படி வந்தது. இன்றைய ஸ்கூட்டிகள் நான்கு அடிப்பு. அடியில் ஒயில் தனியாக நிற்கிறது, பம்பி ஒன்று அதை மேலே ஏற்றிக்கொண்டே இருக்கிறது. கையைத் தளர்த்தினாலும் ஒயில் நிற்காது. வாப்பாவிடம் இதைச் சொன்னபோது வடுவைத் தடவிக்கொண்டு, "அப்ப அது வேற மெசின்" என்று ஒப்புக்கொண்டார். வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் வெற்றி.

எஞ்சின்கள் தாங்கும் கொடுமைக்கு எங்கள் மண்ணிலேயே சாட்சி உண்டு. 1990களில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காதபோது மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சில துளி பெற்றோலை விட்டு உதைத்து, பற்றியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி. கரும்புகை கக்கிக்கொண்டு அவை ஓடின. சிலாவத்துறைக் கடலில் மீனவர்களின் வெளியிணைப்பு எஞ்சின்கள் மணிக்கணக்காக முழு வேகத்தில்தான் ஓடுகின்றன, அவற்றைக் கடல்நீரே குளிரவைக்கிறது. வெங்காயத் தோட்டத்து நீர்ப்பம்பி காலையிலிருந்து மாலைவரை ஓடும். ஆனால் அது நிமிடத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம் சுற்றில் கட்டுப்படுத்தப்பட்டது. "பம்பி ஓடுதுதானே" என்று ஸ்கூட்டியோடு ஒப்பிடுவது சரியில்லை.

இந்த அளவுக்குப் படித்துவிட்டு, ராத்தாவின் பக்கம் தீர்ப்புச் சொல்ல நான் தயாராக இருந்தேன். அப்போதுதான் பெல்ட் அறுந்தது.

சென்ற ஜூன் மாதம். ராத்தாவின் பிள்ளைகள் தமிழ்த்தினப் போட்டிக்குப் பேச்சுப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். உதவிக்கு என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். சோளகக் காற்று வாரி அடிக்கும் காலம். பாதை தெற்கே போகிறது, காற்று தென்மேற்கிலிருந்து முகத்தில் அறைகிறது. மற்ற நாட்களில் மீற்றரில் 75ஐத் தொடும் வண்டி, அன்று முழு முறுக்கிலும் 55ஐத் தாண்டவில்லை.

இதற்கு என் பௌதிகவியல் கொப்பியில் விடை இருக்கிறது. காற்றின் இழுவை விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வண்டி 60இல் போகிறது, எதிர்க்காற்று 30இல் வருகிறது என்றால் எங்கள் மேல் மோதும் காற்றின் வேகம் 90. இழுவை இரண்டேகால் மடங்கு. காற்றில்லாத நாளிலும் 50இலிருந்து 70க்கு ஏற, காற்றை வெல்லமட்டும் 2.7 மடங்கு வலு வேண்டும், ஏனெனில் வலு வேகத்தின் கனத்துக்கு ஏற்பக் கூடுகிறது. கடைசி இருபது கிலோமீற்றர் வேகத்துக்காகத்தான் எஞ்சின் தன் உயிரைக் கொடுக்கிறது. மன்னார்த் தீவில் 2020 டிசம்பரில் தொடங்கிய தம்பபவனி காற்றாலையின் முப்பது இராட்சதத் தூண்களும் எந்தக் காற்றை நம்பி நிற்கின்றனவோ அதே காற்றை எதிர்த்து எங்கள் 109 சி.சி. மல்லுக்கட்டியது. அத்தோடு அன்று பின்னால் நானும் ஒரு பை நிறையப் புத்தகங்களும்.

மறிச்சுக்கட்டியைக் கடந்து கொஞ்சத் தூரம். பட்டென்று ஒரு சத்தம். எஞ்சின் கத்துகிறது, வண்டி வேகம் இறங்குகிறது. ராத்தா இன்னும் முறுக்கினார், சத்தம் மட்டும் ஏறியது. மெல்ல உருண்டு ஓரத்தில் நின்றோம். இரண்டு பக்கமும் பற்றை. முன்னும் பின்னும் ஒரு மனிதரும் இல்லை. ராத்தா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு பதின்மூன்று.

"எஞ்சின் போய்ட்டா?" என்று கேட்டேன். "எஞ்சின் ஓடுதே" என்றார். அதுதான் வினோதம். எஞ்சின் எந்தக் குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

மீன் ஏற்றப்போன சிறிய லொறி ஒன்று வண்டியையும் எங்களையும் ஏற்றிக்கொண்டது. ராத்தாவைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டார்கள். கையெழுத்து சிவப்புக் கோட்டுக்குக் கீழேதான். பிற்பகல் அதே லொறியில் வண்டி ஒரு கராஜுக்கு வந்தது. அங்கேதான் என் மற்றப் பாதிப் படிப்பு.

ஸ்கூட்டியில் கியர் மாற்றும் வேலை இல்லை. இடப்பக்க மூடிக்குள்ளே இரண்டு கப்பிகள், அவற்றை இணைக்கும் ஒரு இறப்பர் பெல்ட். முன் கப்பி இரண்டு தட்டுகளால் ஆனது. உள்ளே ஆறு சிறிய உருளைகள். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது மையநீக்க விசையால் அவை வெளியே ஓடி, தட்டுகளை நெருக்கும். பெல்ட் நடுவிலிருந்து விளிம்புக்கு ஏறும். பின் கப்பியில் அதற்கு நேர்மாறு, பெல்ட் உள்ளே இறங்கும். சின்னப் பற்சக்கரத்திலிருந்து பெரிய பற்சக்கரத்துக்குச் சைக்கிள் சங்கிலி மாறுவதுபோல, ஆனால் படிப்படியாக இல்லாமல் வழுக்கிக்கொண்டு. அழகான யோசனை! ஆனால் எஞ்சினின் முழு வலுவும் விரலகலம் உள்ள ஒரு இறப்பர் நாடாவின் பக்கவாட்டு உராய்வால்தான் சக்கரத்துக்குப் போகிறது. கொஞ்சமாவது வழுக்காமல் அது வேலை செய்யாது. வழுக்கினால் சூடு. எஞ்சினை விசிறியும் ஒயிலும் காப்பாற்றுகின்றன. பெல்ட்டுக்கு ஒயில் படக்கூடாது, கப்பியில் வார்த்த சிறு செட்டைகள் தள்ளும் காற்றே அதன் கதி. முழு முறுக்கில் அரை மணித்தியாலம், எதிர்க்காற்று, இரண்டு பேர்.

கராஜ் நானா மூடியைக் கழற்றினார். உள்ளே முழுக்கக் கரித்தூள். பெல்ட் நார் நாராக.

"முறுக்கினதால அறுந்ததா நானா?" ராத்தா கேட்டார்.

"முறுக்கினதால இல்ல டீச்சர். பார்க்காததால." மீற்றரை எட்டிப் பார்த்தார். "34,000 தாண்டிட்டு. இந்தப் பெல்ட்ட இருபதுக்குப் பிறகு நம்பேலாது. வெடிப்பு விழுந்திருக்கும். கழற்றிப் பார்த்திருந்தா சின்னப் பிள்ளையும் சொல்லும்."

ராத்தா வண்டியை வாங்கியது பாவித்த வண்டியாக, 19,000இல். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து 2025 தொடக்கத்தில் திரும்பத் திறக்கும்வரை புதியது வராததால் பழைய ஸ்கூட்டிகள் கைமாறிக் கைமாறி ஓடின. எங்களுடையதும் அப்படி மூன்றாம் கை. ஒருவரும் அந்த மூடியைத் திறந்ததாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து நான் போட்ட கணக்குத்தான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. நாளுக்கு 84 கிலோமீற்றர், மாதத்துக்கு இருபது பள்ளிக்கூட நாள், ஆக 1,680 கிலோமீற்றர். பெல்ட்டுக்கு 20,000 என்றால் பன்னிரண்டே மாதம்! சந்தைக்கும் டியூசனுக்கும் ஸ்கூட்டி ஓட்டும் ஒருவருக்கு அதே 20,000 ஓட நாலைந்து வருடம் ஆகும். எல்லாரும் "ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா சேர்விஸ்" என்று நாட்காட்டியைப் பார்த்துப் பேசுகிறோம். வண்டிக்கு நாட்காட்டி தெரியாது. ஒயிலும் அப்படியே. 3,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவதென்றால் ராத்தாவுக்கு இரண்டு மாதம்கூட வராது.

ஒயில் விஷயத்தில் நானா சொன்ன இன்னொன்று எனக்குப் புத்தகத்தில் கிடைக்காதது. காரில் மூன்று நான்கு லீற்றர் ஒயில் நிற்கும், கால் லீற்றர் குறைந்தாலும் சமாளிக்கும். ஸ்கூட்டியில் நிற்பதே முக்கால் லீற்றர். நீண்ட முழு முறுக்கில் ஒயில் சூடாகி நீர்த்து, தேய்ந்த வளையங்களைத் தாண்டி மேலே ஏறிக் கொஞ்சம் கொஞ்சமாக எரியும். கால் லீற்றர் எரிந்தால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. காட்டிக்கொடுக்கச் சிவப்பு விளக்கும் இல்லை, வெப்பமானியும் இல்லை. ஒரு சிறிய கம்பிதான் இருக்கிறது. "டீச்சர், பிள்ளையள்ட கொப்பி பார்க்கிறமாதிரி கிழமைக்கொருக்கா இதப் பாருங்க" என்றார். வண்டியைச் சமதரையில் நடுத்தாங்கியில் நிறுத்தி, எஞ்சினை நிறுத்தி இரண்டு மூன்று நிமிடம் விட்டு, கம்பியைத் துடைத்துத் திரும்ப விட்டு எடுக்கவேண்டும். இரண்டு கோட்டுக்கு நடுவில் ஈரம் தெரியவேண்டும். (ஆசிரியைக்கு வாழ்க்கை முழுதும் கோடுதான்.)

பிளக்கையும் கழற்றிக் காட்டினார். முழு முறுக்கில் நெடுநேரம் ஓடும் வண்டியின் உடல்நிலையைச் சொல்லும் நாக்கு அது. முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சுகம். கரியாக இருந்தால் பெற்றோல் கூட. சுண்ணாம்பாக வெளுத்திருந்தால்தான் பயம், காற்றுக் கூடிப் பெற்றோல் குறைகிறது, எரிதல் அளவுக்கு மேல் சூடாகிறது. காபரேட்டர் வண்டிகளில் முழு முறுக்கின்போது பெற்றோல் வருவது ஒரு ஊசித்துளையால். மெயின் ஜெட் என்பார்கள். போத்தலில் வாங்கிய பெற்றோலின் தூசு ஒன்று அங்கே போய் உட்கார்ந்தால், மெதுவாக ஓடும்போது ஒன்றும் தெரியாது, முறுக்கும்போது மட்டும் எஞ்சின் பட்டினி கிடந்து வேகும். ராத்தாவின் பிளக் பிஸ்கட் நிறம். 34,000 கிலோமீற்றர் ஓடிய, நாள்தோறும் முழுதாக முறுக்கப்பட்ட அந்த எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. உம்மாவும் வாப்பாவும் பயந்த இடம் வேறு, அறுந்த இடம் வேறு.

அப்படியென்றால் முழு முறுக்கு நல்லதா? எஞ்சின் தாங்கும், நல்ல ஒயிலும் நல்ல பெல்ட்டும் இருந்தால். ஆனால் நான் இப்போது ராத்தாவின் பக்கத்தில் இல்லை. காரணம் எஞ்சினுக்கு வெளியே இருக்கிறது.

சிலாவத்துறைக்கு அப்பால் அவர் முறுக்கும் தூரத்தை முப்பது கிலோமீற்றர் என்று கூடுதலாகவே வைத்துக்கொள்வோம். 70இல் ஓடினால் 26 நிமிடம். 55இல் ஓடினால் 33 நிமிடம். மிச்சம் ஏழு நிமிடம். இந்த ஏழு நிமிடத்துக்கு என்ன விலை? முதலாவது பெற்றோல். ராத்தாவின் குறிப்பேட்டின்படி முழு முறுக்கில் லீற்றருக்கு 37 கிலோமீற்றர், நிதானமாக ஓடிய கிழமையில் 49. 2022இல் கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் தந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். முதல் கணக்கில் 148 கிலோமீற்றர், ராத்தாவின் பாதையில் இரண்டு நாள்கூட முடியாது. இரண்டாவதில் 196, இரண்டு நாளும் போய் வந்து மிச்சம்.

இரண்டாவது, நிறுத்தம். ஸ்கூட்டியின் சக்கரம் சிறிது, பிரேக்கும் சிறிது. எஞ்சின் 70இல் ஓட ஒப்புக்கொள்ளும், பிரேக்கிடம் அந்தக் கேள்வியை நாங்கள் கேட்பதில்லை. ஒரு மாடு குறுக்கே வருகிறது. பார்த்துக் கை பிரேக்குக்குப் போக ஒரு செக்கன். 70இல் அந்த ஒரு செக்கனிலேயே 19 மீற்றர் போய்விடும். பிறகு செக்கனுக்குச் செக்கன் 5 மீற்றர் வேகம் குறைவதாகக் கொண்டால் நிற்க இன்னும் 38 மீற்றர். மொத்தம் 57. இதே மாடு 50இல் வந்தால், அதாவது நாங்கள் 50இல் வந்தால், 33 மீற்றர். இது உலர்ந்த தாருக்கு. கடற்காற்று பாதையில் மணலை விசிறிய இடத்துக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

மூன்றாவது, எஞ்சின் முழுதாகக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது கொடுக்க இன்னும் ஒன்றுமில்லை. பின்னால் ஒரு லொறி விரட்டினாலோ, யானையைக் கண்டு விலகி ஓடவேண்டி வந்தாலோ முறுக்க மிச்சம் கை இல்லை. முக்கால் முறுக்கில் போகிறவரிடம் கால் பங்கு கையிருப்பில் இருக்கிறது. ராத்தா இந்தக் காரணத்துக்குத்தான் அசைந்தார். பெற்றோல் கணக்குக்கு அசையவில்லை.

இடையில் தோழிகளுக்கு ஒரு வார்த்தை. முழு வேகத்தில் அபாயாவின் விளிம்பு காற்றில் பின்னே பறக்கும். ஸ்கூட்டியின் உடல் மூடியிருப்பதால் பரவாயில்லை என்று நினைக்கிறோம். பின்னால் ஒரு பக்கமாக உட்காருகிறவரின் விளிம்பு பின்சக்கரத்துக்கு எவ்வளவு கிட்ட வருகிறது என்று ஒருமுறை நின்று பாருங்கள். அன்று வண்டி நின்றபோதுதான் என்னுடையதில் ரயர்க் கரி அப்பியிருப்பதைக் கண்டேன். பெல்ட்டைவிட அதுதான் என்னை நடுங்கவைத்தது. இப்போது பக்கத்தைச் சுருட்டி ஊசி குத்தி, இரண்டு பக்கமும் கால் போட்டுத்தான் உட்காருகிறேன். ஊரில் சிலர் பேசினார்கள். உம்மா அவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டார், அந்தப் பதில் சஞ்சிகையில் அச்சிடத் தக்கதல்ல.

ராத்தா இப்போது ஏழு நிமிடம் முந்திக் கிளம்புகிறார். அந்த ஏழு நிமிடத்தை எங்கிருந்து எடுப்பது என்பது பௌதிகவியல் கேள்வியல்ல. சுபஹுக்கு எழும்பி, சமைத்து, இரண்டு வயது மகனை எழுப்பாமல் வெளியேறவேண்டியவர் அவர். ஆகவே அந்த ஏழு நிமிடத்தை நாங்கள் கொடுக்கிறோம். சோற்றுப் பெட்டி கட்டுவது உம்மா. வண்டியை வெளியே எடுத்து, ரயர் காற்றைப் பார்த்து, ஒரு நிமிடம் மெல்ல ஓடவிட்டுச் சூடேற்றி வைப்பது வாப்பா. முன்பு குறை சொன்னவர் இப்போது அந்த எஞ்சினின் பாதுகாவலர். சனிக்கிழமை ஒயில் கம்பி பார்ப்பது நான். எனக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை, ஓட்ட அனுமதிப்பத்திரம் இல்லை. கம்பி பார்க்க அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை.

சோளகம் அடிக்கும் நாளில் இன்றும் ராத்தா முழுதாக முறுக்கத்தான் செய்கிறார், 55ஐப் பிடிக்கவே அது வேண்டியிருக்கிறது. வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும், கை தளர்ந்திருக்கும். பள்ளிக்கூடம் வருவதற்கு முந்திய ஒரு கிலோமீற்றரை மட்டும் மெதுவாக ஓட்டுகிறார், சூட்டோடு எஞ்சினை நிறுத்தினால் விசிறியும் நின்றுவிடும் என்று நானா சொல்லியிருப்பதால்.

முன்பெட்டியின் உட்பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறது. ராத்தாவின் கரும்பலகைக் கையெழுத்தில்: "பெல்ட் 34,112. அடுத்தது 54,000." இன்று காலை மீற்றர் 41,860.